மாதிரிக் கடிதம் வேண்டாம்: கல்விக் கருத்தரங்கு நடத்தும் நம் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மருத்துவக் கல்வி வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் கோயில் கல்விக் குழுவினருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கடிதத்துக்கு, கருத்தரங்குக் கோப்பில் ‘மாதிரி நோக்கக் கடிதம்’ என்று ஒன்றை வைத்துக் கொடுக்கிறீர்களே, அதை இந்த ஆண்டிலிருந்து கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குச் செலவாகும் நேரத்தையும் ஆட்களையும் வேறொரு வேலைக்குத் திருப்புங்கள். அது என்ன வேலை, ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேச வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டு, நாசி லெமாக் பொட்டலத்துக்குச் சொல்லி வைத்து, பிள்ளைகளோடு பெற்றோரையும் வரவழைத்து உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, எந்த மருத்துவப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் இருக்கிறது, எந்தத் தனியார் கல்லூரியில் கட்டணம் எவ்வளவு என்றெல்லாம் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் குடும்பங்களுக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் சொல்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் மருத்துவ ஆய்வுத் துறையில் வேலை செய்பவன். முதுநிலை ஆய்வுக்கும் பிஎச்.டி.க்கும் வரும் விண்ணப்பக் கடிதங்களைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. சனிக்கிழமைகளில் செந்தூலில் எங்கள் வட்டாரப் பிள்ளைகள் சிலர் தங்கள் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆக, மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்கிறேன், அந்தப் பக்கமும் உட்கார்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் உங்கள் மாதிரிக் கடிதம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

சிறு வயது முதலே மருத்துவராக வேண்டும் என்பது என் கனவு. அதுதான் முதல் வரி. அடுத்த பத்தியில் பாட்டி மருத்துவமனையில் சேர்க்கப்படுவார். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் தெய்வம்போல் வந்து நிற்பார். பேரப்பிள்ளை அன்றே முடிவெடுத்துவிடும். மூன்றாம் பத்தியில் செம்பிறைச் சங்கத் தலைவர் பதவி, மாணவர் தலைவர் பதவி, ஓட்டப்பந்தயப் பதக்கம். நான்காவதில் ‘தங்கள் புகழ்மிக்க பல்கலைக்கழகம்’. கடைசியில் தாழ்மையான வேண்டுகோள். பெயரையும் பள்ளியையும் மாற்றினால் கடிதம் தயார். பலர் அதைத்தான் செய்கிறார்கள். சிலர் மாற்ற வேண்டியதையும் மாற்றாமல் அனுப்புகிறார்கள். பேரன் எழுதிய கடிதத்தில் ‘ஒரு பெண்ணாக நான்’ என்று வரும்.

இது நம்மிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைத்துத் தலைகுனிய வேண்டாம். 2007-இல் பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளைக் கணினி கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் ரசாயனப் பரிசோதனைப் பெட்டியோடு விளையாடி பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். தளர்ந்துபோன தாத்தா ஒருவர் 175 கட்டுரைகளில் வந்துபோனார். அந்தத் தாத்தா நம் மாதிரிக் கடிதத்துப் பாட்டிக்கு ஏதோ ஒரு வகையில் உறவாகத்தான் இருக்க வேண்டும். இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் நஷ்டம் மாதிரியை எழுதிக் கொடுத்தவருக்கு இல்லை, பிள்ளைக்குத்தான்.

மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அடுக்கி வைத்த கடிதங்களை ஒருவர் மாலை நேரத்தில் உட்கார்ந்து படிக்கிறார் என்று வையுங்கள். முதல் வரி ஒரே மாதிரி இருந்தால் அவர் கோபப்பட மாட்டார். வெறுமனே அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல அவரிடம் எதுவுமே இருக்காது.

“மலேசியாவில் மதிப்பெண்தானே சார் பேசுகிறது, கடிதத்தை யார் பார்க்கிறார்கள்?” என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார். பாதி சரி. யு.பி.யு. வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது புகுமுக வகுப்பான மெட்ரிகுலேஷன் மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்குப் பார்க்கிறார்கள். மருத்துவத்துக்கு மேற்கொண்டு நேர்முகத் தேர்வும் உண்டு. அங்கே கடிதத்துக்கு வேலையில்லை. மதிப்பெண் இல்லாத பிள்ளையை எந்தக் கடிதமும் மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பதையும் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. உபகாரச் சம்பளத்துக்குக் கட்டுரை கேட்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கிறார்கள். டாக்டராகி, ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவர் காலத்தை முடித்து, எம்.ஓ. எனப்படும் மருத்துவ அதிகாரியாகி, நிபுணத்துவப் பயிற்சிக்கோ வெளிநாட்டுப் பணிக்கோ போக நினைத்தால் திரும்பவும் கேட்கிறார்கள். ஆய்வுக்குப் போகிறவருக்குச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு நிதி விண்ணப்பமும் ஒரு நோக்கக் கடிதம்தான். பதினெட்டு வயதில் அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதியவர் முப்பது வயதிலும் அடுத்தவர் எழுதியதைத் தேடுகிறார். இதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாதிரிக் கடிதத்தின் இன்னொரு கோளாறு, எல்லா இடத்துக்கும் ஒரே கடிதம் போதும் என்று அது பிள்ளைகளை நம்ப வைப்பது. யூகாஸையே எடுத்துக்கொள்வோம். 2026 சேர்க்கையிலிருந்து பழைய ஒற்றைக் கட்டுரை போய்விட்டது. மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: இந்தப் படிப்பு ஏன், உன் பாடங்கள் இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தன, பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தாய், அது எதற்கு உதவும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. மருத்துவத்துக்கு நான்கு இடங்கள் வரைதான் விண்ணப்பிக்கலாம், அந்த நான்குக்கும் இந்த ஒரே பதில்கள்தான் போகும். இதில் ‘தங்கள் புகழ்மிக்க பல்கலைக்கழகம்’ என்று எழுதினால் நான்கு பேரில் யாரைச் சொல்கிறோம்? கடைசி நாள் அக்டோபர் 15. உங்கள் கருத்தரங்குகளில் சில அதற்குப் பிறகுதான் நடக்கின்றன.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் நோக்கக் கடிதம் என்பது முற்றிலும் வேறு சங்கதி. விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வும் முடிந்து, முடிவுக்காகவோ காத்திருப்போர் பட்டியலிலோ இருக்கும்போது, “இடம் கொடுத்தால் நிச்சயம் உங்களிடம்தான் வருவேன்” என்று ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதுவது அது. சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் இரண்டு கல்லூரிக்கு அதையே எழுதுவது பச்சைப் பொய். நேர்முகத் தேர்வுக்குப் பிறகு எதையும் அனுப்பாதீர்கள் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. நம் பிள்ளைகளில் அங்கே போகிறவர்கள் மிகக் குறைவு. இருந்தாலும் இணையத்தில் ‘நோக்கக் கடிதம்’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்த ஊர்க் கடிதமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து இங்கே முதுநிலை ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை ‘நீங்கள்தான் என் முதல் தேர்வு’ என்று எழுதி அனுப்புகிறது. சரி, எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் கேட்டது அதையா?

ஆய்வுப் படிப்புக்கான கடிதத்தில் எதைத் தேடுகிறோம் என்று சொல்கிறேன். ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு எங்கே, யாரிடம், எப்படிப் பதில் தேடப் போகிறாய் என்ற சின்னத் திட்டம். யாருடைய மேற்பார்வையில் செய்ய விரும்புகிறாயோ அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்த அடையாளம். ‘உங்கள் ஆய்வுகள் என்னை மிகவும் கவர்ந்தன’ என்பது அடையாளம் ஆகாது; எந்த ஆய்வு, அதில் எந்த இடம், அங்கே உனக்கு என்ன சந்தேகம் வந்தது என்பது அடையாளம். நடைமுறை தெரிந்திருக்கிறதா என்றும் பார்ப்போம். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்வதென்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ‘முதல் மாதமே கோலாலம்பூர் மருத்துவமனையில் நோயாளிகளைப் பேட்டி எடுப்பேன்’ என்று எழுதியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று புரிந்துவிடும். தவறு பிள்ளையுடையது இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. வசதியான பங்சார் பகுதியில் வளரும் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. உங்கள் கருத்தரங்கு நிரப்ப வேண்டிய பள்ளம் இதுதான்.

இப்போது அந்தப் பாட்டிக்கு வருவோம். பாட்டியைக் கடிதத்திலிருந்து துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையான பாட்டியை உள்ளே விடச் சொல்கிறேன்.

செந்தூலில் ஒரு மாணவி வந்தாள். ஆறாம் படிவம் படிப்பவள். மாதிரிக் கடிதத்தின் பாட்டி பத்தியை அப்படியே எழுதியிருந்தாள். பாட்டிக்கு என்னம்மா என்று கேட்டேன். சர்க்கரை நோய் என்றாள். கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது? நான்தான். அங்கே யார் பேசுவது? நான்தான், பாட்டிக்கு மலாய் அவ்வளவாக வராது. டாக்டர் என்ன கேட்பார்? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்பார். பாட்டி என்ன சொல்வார்? ஆமாம் என்பார். உண்மையில் சாப்பிடுகிறாரா?

அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டார் சார், விரதம். சஷ்டி வந்தால் ஆறு நாளும் சாப்பிட மாட்டார். டாக்டரிடம் சொன்னாயா? பாட்டி சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவார். அப்புறம்? அப்புறம் ஒரு நாள் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த அக்கா, மாத்திரை ஏன் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டார். பாட்டி அவரிடம் மட்டும் சொல்லிவிட்டார்.

எவ்வளவு இருக்கிறது பாருங்கள் இதில். மொழிபெயர்ப்பவர் குடும்பத்து ஆளாக இருந்தால் நோயாளி எதை மறைப்பார்? டாக்டரிடம் சொல்லாததை மருந்தகத்தில் ஏன் சொன்னார்? மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டியிருந்தால், விரதமில்லாத நாளில் பாட்டிக்கு என்ன ஆகியிருக்கும்? சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுந்திருக்கலாம். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். ரமலான் நோன்பு காலத்தில் மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று மருத்துவர்களுக்கு இங்கே வழிகாட்டி நூலே இருக்கிறது. புரட்டாசி சனிக்கும் கந்த சஷ்டிக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? இது ஒரு முதுநிலை ஆய்வுக்குப் போதுமான கேள்வி. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கு, இதைவிட நல்ல பத்தி வேறெங்கே கிடைக்கும்?

இத்தனையையும் தெரிந்து வைத்திருந்த பெண்தான் வெள்ளை அங்கி, தெய்வம் என்று எழுதிக்கொண்டு வந்தாள். கேட்டால், ‘கருத்தரங்கில் கொடுத்ததில் அப்படித்தான் சார் இருந்தது, இதெல்லாம் எழுதலாம் என்று தெரியாது’ என்றாள். எனக்கு வந்த கோபம் உங்கள் மேல்தான். கோபம் தணிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன், கவலைப்படாதீர்கள்.

நம் வீட்டு விஷயங்கள் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லாதவை என்று நினைக்க நமக்குக் காரணமே இல்லை. இந்தக் கோலாலம்பூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அது வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்குப் பெரும்பாலும் வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, கோளாறு அரிசியில்தான் என்றார். அரிசியில் ஏதோ நஞ்சு ஏறுகிறது என்பது அவர் கொடுத்த விளக்கம். விளக்கம் தவறு, கவனிப்பு சரி. 1905-இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய சயாம் அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். நோய் தீட்டிய அரிசிப் பக்கத்தைத்தான் பிடித்தது. 1907-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அது வெளியானது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டியுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற காரணமெல்லாம் பின்னால் தெரிந்தது.

(மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்கள் மேல் செய்த சோதனை அது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் ‘நோயாளியின் சம்மதம்’ பற்றிக் கேட்டால் பேச ஒரு விஷயம் இருக்கும்.)

நான் சொல்ல வருவது, நம் தாத்தா பாட்டி சாப்பிட்ட சோற்றைக் கவனித்ததிலிருந்துதான் அந்த ஆய்வு பிறந்தது. கவனித்தவர் வேறு ஆள், அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் சோற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், நீ பார்த்ததை விட்டுவிடு, இந்தத் தாளில் இருப்பதை எழுது என்கிறோம்.

கஷ்டத்தை எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பேச்சாளர்களில் சிலர், ‘அப்பா லோரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலை வேலை என்று முதலிலேயே போடு, மனசு இளகும்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இளகுகிற மனசுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரக்கம் வந்தால் உதவித்தொகை கொடுக்கத் தோன்றுமே தவிர, ஐந்து ஆண்டு மருத்துவப் படிப்பைத் தாங்குவார் என்ற நம்பிக்கை வராது. கஷ்டத்தை எழுதத்தான் வேண்டும், எழுதும் விதம் வேறு. இரவில் மாமாக் கடை என்னும் முஸ்லிம் உணவுக்கடையில் வேலை பார்த்ததால் முதல் பருவத்தில் வேதியியல் இறங்கியது, வேலையை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டதும் அடுத்த பருவத்தில் ஏறியது என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். அதைப் படிப்பவர் பிள்ளையின் கஷ்டத்தோடு சேர்த்து அதன் கெட்டிக்காரத்தனத்தையும் பார்க்கிறார். அந்த மாமாக் கடையில் குடிகாரர் ஒருவரை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டால் பிள்ளை சொல்லும் பதில், செம்பிறைச் சங்கத் தலைவர் பதவியைவிட எவ்வளவோ மேல். விபத்துப் பிரிவில் ஹவுஸ்மேன் செய்யும் வேலையில் பாதி அதுதானே.

அந்த வேலையைப் பற்றியும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘அரசாங்கத்தில் நிரந்தர வேலை’ என்று கடிதத்தில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி அதற்காகவே இளம் டாக்டர்கள் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றார்கள். நாடே பார்த்த செய்தி. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது தெரியாவிட்டால், இந்தத் தொழிலைப் பற்றி வேறு என்ன தெரியும் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

கடிதத்தைக் காசுக்கு எழுதிக் கொடுக்கும் ஏஜெண்டுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் மண்டபத்தின் பின்வரிசையில் மேசை போட்டு உட்கார அவர்களுக்கு இடம் கொடுப்பதே நீங்கள்தான். விளம்பரப் பணம் இல்லாமல் நிகழ்ச்சி நடக்காது என்பீர்கள். கட்டண விவரம் சொல்லட்டும், கல்லூரியைப் பற்றிப் பேசட்டும். ‘பர்சனல் ஸ்டேட்மெண்ட் இலவசம்’ என்ற பதாகையை மட்டும் இறக்கச் சொல்லுங்கள்.

சாட்ஜிபிடி விஷயத்தில் நான் அவ்வளவு பிடிவாதக்காரன் இல்லை. எழுத்துப்பிழை பார்க்கட்டும், ஆங்கிலம் தடுமாறும் இடத்தைக் கேட்கட்டும், தவறில்லை. முழுக் கடிதத்தையும் அதனிடம் கேட்டால் வருவது உங்கள் மாதிரிக் கடிதம்தான், கொஞ்சம் பவுடர் பூசியிருக்கும். நேர்முகத் தேர்வில் குழுவினர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இங்கே ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அவர் அப்புறம் என்ன ஆனார்?” என்று கேட்பார்கள். பவுடர் அங்கே கலையும்.

சரி, மாதிரியும் இல்லை, ஏஜெண்டும் இல்லை என்றால் பிள்ளை எங்கேயிருந்து தொடங்கும்? அந்த மாணவியிடம் நான் செய்தது வெறும் கேள்வி கேட்டதுதான். அதற்கு என்னைப் போன்ற ஆள்கூடத் தேவையில்லை. உங்கள் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளில் ஹவுஸ்மேன்கள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மருந்தகத்தில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். மேடைக்குக் கூப்பிட்டு அவர்களைப் பேச வைக்காதீர்கள், பொன்னாடையும் வேண்டாம். ஒரு மேசைக்கு ஒருவர், எதிரே ஒரு பிள்ளை, முக்கால் மணி நேரம். என்ன பார்த்தாய்? அப்புறம் என்ன நடந்தது? நீ என்ன செய்தாய்? உனக்கு எது புரியவில்லை? அதைத் தெரிந்துகொள்ள எங்கே போனாய்? பிள்ளை சொல்வதை அதன் வார்த்தையிலேயே அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். தமிழில் சொன்னால் தமிழில் குறிக்கட்டும். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதுவது அதற்குப் பிறகு வரும் வேலை.

அந்த நேரத்தில் பெற்றோர் அடுத்த அறையில் இருப்பது நல்லது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பாட்டி விரதத்தைப் பற்றிப் பிள்ளை வாய் திறக்காது.

இதையெல்லாம் விண்ணப்பம் அனுப்ப ஒரு மாதம் இருக்கும்போது ஆரம்பித்தால் பயனில்லை. கேள்வி கேட்கும்போது ‘ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை’ என்று சில பிள்ளைகள் சொல்லும். அவர்களுக்குப் பார்க்கவும் செய்யவும் நேரம் வேண்டும். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்து கிடைக்கும் விடுமுறையிலோ ஆறாம் படிவத்தின் தொடக்கத்திலோ முதல் சந்திப்பு இருக்கட்டும். வீட்டுக்குப் பக்கத்து முதியோர் இல்லத்திலோ டயாலிசிஸ் மையத்திலோ வாரம் ஒரு மதியம் போய் உட்காரச் சொல்லலாம். டயாலிசிஸ் நாற்காலியில் ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருக்கிறார். பேச ஆள் கிடைத்தால் பேசிக்கொண்டே இருப்பார். இதற்கான அனுமதிக் கடிதத்தைச் சங்கத்தின் பெயரில் நீங்கள் எழுதிக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பதினேழு வயதுப் பிள்ளை தனியாகப் போய்க் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதிரிக் கடிதம் எழுதுவதற்குப் பதில் நீங்கள் எழுத வேண்டிய கடிதம் அதுதான்.

ஆசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதை நடக்கிறது, ‘ஒழுக்கமான, சுறுசுறுப்பான மாணவர்’ என்று. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இங்கே வேண்டாம்.

உங்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கும், அதுவும் தெரியும். மண்டபம் நிறைய முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். பன்னிரண்டு மேசையில் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படத்தை யார் போடுவார்கள்? டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரை அழைக்க முடியாது, மானியம் கேட்கும்போது எண்ணிக்கை குறைவாகத் தெரியும். பெரிய கருத்தரங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. யு.பி.யு., கட்டணம், அங்கீகாரம் எல்லாவற்றையும் அங்கே சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மட்டும் அதிலிருந்து பிரித்து மேசைக்குக் கொண்டுவாருங்கள். பினாங்கிலும் ஈப்போவிலும் இதே போன்ற நிகழ்ச்சி நடத்தும் நண்பர்களுக்கும் இந்த மடலை அனுப்புகிறேன். ஜார்ஜ்டவுனில் மருத்துவக் கல்லூரியே பக்கத்தில் இருக்கிறது. மேசைக்கு உட்கார அங்கே மாணவர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள்.

அடுத்த கருத்தரங்குக்கான கோப்பு இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். மாதிரிக் கடிதம் இருந்த பக்கத்தில், மேலே எழுதிய அந்த ஐந்து கேள்விகளைப் போட்டு, கீழே எழுத நிறைய இடம் விட்டு அச்சடியுங்கள். மேசைக்கு ஆள் குறைந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை என்றால் நான் வருகிறேன். எனக்குத் தெரிந்த இரண்டு எம்.ஓ.க்களையும் இழுத்துக்கொண்டு வருகிறேன், பணிமுறை அட்டவணை இடம் கொடுத்தால்.

பதிலை எதிர்பார்க்கும்,
செந்தூல்வாசி ஒருவன்
கோலாலம்பூர்